ஊசியில்லாமல் ஈரலின் குருதியோட்டம்: எலியில் அளந்தது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் கடந்த வாரமலரில், விஞ்ஞானப் பக்கத்தில், பரவல் எம்.ஆர்.ஐ. முறையால் எலிகளின் ஈரலில் குருதியோட்டத்தை அளப்பது பற்றி வெளிவந்த கட்டுரை தொடர்பாக இதனை எழுதுகிறேன். இப்படியொரு பொருளைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததும், அதற்கு அரைப் பக்கம் ஒதுக்க நீங்கள் உடன்பட்டதும் பாராட்டுக்குரியவை. ஆனால் கட்டுரையின் நடுப்பகுதியில், ஈரலில் ஓடும் குருதியின் அளவை இம்முறை ஊசி மருந்தின்றித் துல்லியமாக அளந்துவிட்டதென்றும், வெகுவிரைவில் நமது வைத்தியசாலைகளிலும் இது கிடைக்குமென்றும் பொருள்படும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதன் முற்பாதியில் பிழையும் பிற்பாதியில் அவசரமும் உள்ளன.

நான் பேராதனையில் படித்து நுவரெலியா மாவட்டத்தில் பணிபுரியும் மிருக வைத்தியன். இங்கே என் வேலை பெரும்பாலும் கறவை மாடுகளோடுதான். எனினும் இடையில் இரண்டு ஆண்டுகள், வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில், எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைக்கப்படும் எலிகளுக்கு மயக்கமருந்து கொடுத்து, அவை உயிரோடும் சீரான மூச்சோடும் வெளியே வரும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தேன். இயந்திரத்தை இயக்கியவர்களும் கணக்குப் போட்டவர்களும் வேறு ஆட்கள். எனக்குத் தெரிந்தது எலியின் பக்கம். ஆகவே இக்கடிதத்திலும் அந்தப் பக்கமே சற்று அதிகமாக இருக்கும்.

எழுதத் தூண்டியவர் கட்டுரையாசிரியர் அல்லர். கந்தப்பளைப் பக்கம் இரண்டு பசு வைத்திருக்கும் ஒருவர், கன்றுக்கு மருந்து வாங்க வந்தபோது, சட்டைப் பையிலிருந்து உங்கள் பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் விரித்தார். "டொக்டர் ஐயா, ஊசி போடாமலே ஈரல்ல ரத்தம் ஓடுறத அளக்குற மிசின் வந்திருக்காமே, அது கண்டியிலயா கொழும்புலயா?" என்று கேட்டார். அவருக்கு ஈரல் இறுகத் தொடங்கியிருக்கிறது; சிறுநீரகமும் சரியில்லை. படமெடுக்கும்போது ஏற்றும் மருந்து உங்களுக்கு வேண்டாமென்று வைத்தியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவருக்கு அந்த ஒரு வாக்கியம் எத்தகைய நம்பிக்கையைக் கொடுத்திருக்குமென்பதை அவருடைய முகத்தில் கண்டேன். கண்டியிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்குத்தான் அரைமணி நேரம் பிடித்தது.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் உண்மையில் குருதியைத் தேடிப் பார்ப்பதில்லை. நீரிலுள்ள ஐதரசன் கருக்கள் வலிய காந்தப்புலமொன்றில் தரும் சமிக்ஞையையே அது பிடிக்கிறது. அந்த நீர் ஈரற் கலத்துக்குள் இருக்கிறதா, குருதியோடு போகிறதா என்பது அதற்கு நேரடியாகத் தெரியாது. 1965 ஆம் ஆண்டில் ஸ்டெஸ்கல், டானர் என்ற இருவர் வகுத்த உத்தியே இன்றும் அடிப்படை. இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தத் துடிப்பொன்றைக் கொடுத்து ஒவ்வொரு நீர் மூலக்கூற்றுக்கும் அது நிற்கும் இடத்துக்கேற்ற குறியிட்டுவிட்டு, சில பத்து மில்லிசெக்கன் கழித்து எதிர்விளைவுள்ள துடிப்பினால் அக்குறியை அழிப்பார்கள். இருந்த இடத்திலேயே இருந்த நீரின் குறி முற்றாக அழிந்து சமிக்ஞை முழுமையாகத் திரும்பும். இடையில் நகர்ந்துவிட்ட நீரின் குறி சரியாக அழியாததால் சமிக்ஞை குறையும். உயர்தர வகுப்பில் பரவலும் பிரசாரணமும் படித்தவர்களுக்கு, அந்தப் பரவலேதான் இது என்றால் போதும். உடல் வெப்பநிலையில் தூய நீரின் மூலக்கூறு 50 மில்லிசெக்கனில் ஒரு திசையில் சராசரியாக நகரும் தூரம் ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர். ஈரல் திசுவுக்குள், கலச்சுவர்களும் புரதங்களும் மறிப்பதால், அது 10 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. தலைமயிர் ஒன்றின் தடிப்பில் சிறு பங்குதான் இது.

பரவலுக்குள் குருதி எப்படி வருகிறது? நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். சுடுநீர்க் கோப்பையில் தேயிலைப் பையொன்றை அசைக்காமல் தொங்கவிட்டால் சாயம் தானாக மெல்லப் பரவும். கரண்டியால் கலக்கினால் ஒரு நொடியில் கோப்பை முழுவதும் சாயத்தண்ணி ஆகிவிடும். ஈரலில் இவ்விரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கலங்களுக்குள் உள்ள நீர் தானாகப் பரவுகிறது; கலங்களுக்கிடையே செல்லும் நுண்ணிய குருதிக்குழாய்களான குடாக்களுக்குள் உள்ள நீரைக் குருதியோட்டம் இழுத்துச் செல்கிறது. அந்தக் குடாக்கள் ஒழுங்கான ஒரே திசையில் செல்லாமல், தேயிலை மலையின் கான்கள் போல வளைந்தும் பிரிந்தும் சேர்ந்தும் ஓடுவதால், அவற்றில் செல்லும் குருதி இயந்திரத்தின் கண்ணுக்கு மிக விரைவான பரவலைப் போலவே தோற்றமளிக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த டெனி லெ பியான் 1986 இல் வெளியிட்ட ஆய்வின் மையக் கருத்து இதுதான். படத்தை ஆக்கும் சிறு கட்டங்களில் ஒன்றுக்குள் நிகழும் ஒழுங்கற்ற இரு அசைவுகளையும் பிரித்தறியலாமென்று அவர் காட்டினார். ஆங்கில எழுத்துக்களால் சுருக்கி இதனை ஐ.வி.ஐ.எம். என்பார்கள்.

அவர் பரவல் படமெடுப்பில் இறங்கியதற்கு முதற் காரணம் மூளையன்று, ஈரல். ஈரலில் தெரியும் கட்டி புற்றுநோயா அல்லது ஆபத்தில்லாத குருதிக்குழாய்க் கட்டியா என்று பிரித்தறியவே அவர் முயன்றார். அந்த நாளைய அரை டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) இயந்திரத்தில் நோயாளியின் மூச்சு அசைவு படத்தைக் குழப்பிவிட்டதால், அசையாத உறுப்பான மூளைக்கு மாறினார். இன்று பக்கவாதம் வந்தவருக்கு முதலில் எடுக்கப்படும் பரவல் படம் அந்த மாற்றத்தின் பயன். அதற்கும் 1990 இல் பூனைகளின் மூளையில் செய்யப்பட்ட ஆய்வு வழிகாட்டியது. ஈரல் மட்டும் மூச்சோடு மல்லுக்கட்டியபடி பல ஆண்டுகள் காத்திருந்தது.

இனி அளவீட்டுக்கு வருவோம். காந்தத் துடிப்பின் கடுமையை பி மதிப்பு என்பார்கள். அலகு, சதுர மில்லிமீட்டருக்குச் செக்கன். பி பூச்சியமாக இருக்கும்போது கிடைக்கும் சமிக்ஞையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 25 பங்கு ஓடும் குருதியிலிருந்தும் 75 பங்கு திசுவிலிருந்தும் வருவதாகக் கொள்வோம். ஈரலுக்கு இது பொருத்தமில்லாத கற்பனையன்று. நீர் பரவும் விரைவைக் காட்டும் பரவல் எண் திசுவுக்கு 0.001 எனவும், பரவல் போலத் தோன்றும் குருதி அசைவின் எண், அதாவது போலிப் பரவல் எண், அதைவிட 50 மடங்கு, அதாவது 0.05 எனவும் எடுத்தால், பி 50 ஆகும்போது குருதியின் 25 பங்கு 2 ஆகச் சரிந்துவிடும். திசுவோ 71 இல் நிற்கும். பி 100 ஆனதும் குருதியின் சமிக்ஞை கிட்டத்தட்ட மறைந்து, மொத்தம் 68 ஆகும். அதற்குப் பிறகு திசு மட்டுமே மெல்ல இறங்கி, பி 800 இல் 34 ஐ அடையும். ஆகவே வரைபடத்தில் முதலில் செங்குத்தான சரிவொன்றும், பின்னர் மெதுவான இறக்கமொன்றும் தெரியும். பிற்பகுதியின் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது 100 இல் முட்டாமல் 75 இல் முட்டும். எஞ்சிய 25 தான் குருதிப் பங்கு. ஊசி மருந்து எதுவும் இல்லாமல் குருதியின் தடயத்தைக் காண்பது இப்படித்தான்.

பூச்சியம், 800 என இரண்டே பி மதிப்புகளை வைத்துக் கணக்குப் போட்டால் என்னவாகும்? பரவல் எண் 0.001 என்பதற்குப் பதிலாக 0.00136 என்று வரும். குருதி அசைவு திசுப் பரவலோடு கலந்து எண்ணை உயர்த்திவிடுகிறது. இந்தக் கலப்பு சிறிய விடயமன்று. நோயுற்ற ஈரலில் இந்த எண் குறைவதைப் பலரும் பார்த்து, வடுநார் வளர்ந்து நீரின் பரவலைத் தடுப்பதே காரணமென்று விளக்கினார்கள். 2007 இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வொன்றில், ஈரலில் வடு உண்டாக்கப்பட்ட எலிகளை உயிரோடு இருக்கும்போது அளந்தார்கள். இறந்தபின் மறுபடியும் அளந்தார்கள். உயிரோடிருந்தபோது வடு மிகுந்த ஈரலில் எண் குறைந்திருந்தது. குருதி நின்ற பிறகு அந்த வேறுபாட்டைக் காணவில்லை. அப்படியானால் குறைந்தது நீரின் பரவலா, குருதியின் ஓட்டமா? விடை குருதியின் பக்கமே சாய்ந்தது. அடுத்த ஆண்டு பிரான்ஸில் நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வும் குருதி அசைவின் குறைவுக்குப் பெரும் பங்கிருப்பதைச் சுட்டியது; ஆனால் திசுவின் மாற்றத்தை அது முழுதாகத் தள்ளிவிடவில்லை. மனிதரிடம் ஒருபோதும் செய்ய முடியாத ஓர் ஒப்பீட்டை எலி செய்துகாட்டிய இடம் இது. இம்முறைக்கு விலங்காய்வு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. உங்கள் கட்டுரையில் இது ஒரு வரியாவது இடம்பெற்றிருக்க வேண்டும்.

இப்போது பிழைக்கு வருகிறேன். மேலே கிடைத்த 25 என்ற எண் குருதியோட்டம் அன்று. படக் கட்டத்துக்குள் அசைந்துகொண்டிருக்கும் குருதி எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதன் அடையாளம் மாத்திரமே. தலவாக்கலையில் கொத்மலை ஓயாவின் குறுக்கே நின்று, ஆறு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று அளந்துவிட்டால், மேல் கொத்மலை அணைக்கட்டுக்கு ஒரு செக்கனில் எவ்வளவு நீர் வந்து சேர்கிறதென்று சொல்லிவிட முடியுமா? வேகமும் தெரியவேண்டும். ஐ.வி.ஐ.எம். முறையில் அந்த வேகத்தின் சாயல் போலிப் பரவல் எண்ணில் இருக்கிறது. குருதிப் பங்கையும் அதையும் பெருக்கினால் ஓட்டத்தோடு தொடர்புள்ள ஓர் எண் கிடைக்குமென்பது கோட்பாடு. ஆனால் அது 100 கிராம் ஈரலுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலீட்டர் என்ற அலகில் வருவதில்லை. குடாக்களின் நீளமும் அவை வளையும் விதமும் தெரிந்தால்தான் அந்த அலகுக்கு மாற்றலாம், நோயில் மாறுவதோ அதே குடாக்கள்தாம். போதாக்குறைக்கு, குருதிப் பங்கு, திசுவின் பரவல் எண், போலிப் பரவல் எண் என்ற மூன்றில் மிகவும் தள்ளாடுவது போலிப் பரவல் எண்ணே. ஒரே எலியை ஒரே நாளில் இருமுறை அளந்தபோது அது வெகுவாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன். செங்குத்தான சரிவு பி பூச்சியத்துக்கும் 50 க்கும் இடையிலேயே முடிந்துவிடுவதால், அந்தச் சிறு இடைவெளியில் எத்தனை புள்ளிகள் எடுக்கப்பட்டன என்பதைப் பொறுத்தே அதன் நம்பகம் அமையும்.

குருதிப் பங்கிலும் ஒரு பொறி உண்டு. ஈரல் திசுவின் சமிக்ஞை விரைவாக மங்கும், குருதியின் சமிக்ஞை அதைவிட மெதுவாக மங்கும். ஆகையால் படத்தை எவ்வளவு தாமதித்து எடுக்கிறோமோ அவ்வளவுக்குக் குருதியின் பங்கு உள்ளதைவிடப் பெருத்துத் தெரியும். எலிகளுக்கான இயந்திரங்கள் பெரும்பாலும் 7 டெஸ்லா, 9.4 டெஸ்லா வலிமையுடையவை. வைத்தியசாலைகளில் இருப்பவை பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. மங்கும் வேகம் புலத்தின் வலிமையோடு மாறும். ஆகவே எலியில் கிடைத்த 25 ஐ அப்படியே எடுத்துவந்து மனிதனின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை.

ஈரலைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. வேறெந்த உறுப்பிலும் இது இவ்வளவுக்கு இல்லை. மனித ஈரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லீட்டர் குருதி வருகிறது. இதயம் வெளித்தள்ளுவதில் கால்வாசி அது. இதில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வாயிநாளம் வழியாக வரும். எஞ்சியது ஈரல் நாடி வழியாக வரும். வாயிநாளத்தின் வரத்துக் குறைந்தால் ஈரல் நாடி விரிந்து அந்தக் குறையை ஓரளவு நிரப்பும். ஈரல் இறுகும்போது நடப்பதும் இதுவே. வைத்தியருக்கு உண்மையில் வேண்டியது இரண்டும் தனித்தனியாக எவ்வளவு என்பது. ஊசி மருந்து ஏற்றி, அது நாடியில் முதலிலும் வாயிநாளத்தில் சற்றுப் பின்னும் வருவதை அடுத்தடுத்த படங்களில் பின்தொடரும் முறையால் அந்த இரண்டையும் பிரிக்கலாம். பரவல் முறையால் முடியாது. குடாவுக்குள் வந்து கலந்துவிட்ட குருதி எந்த வழியாக வந்ததென்று அதற்குத் தெரியாது. ஒன்று குறைந்து மற்றது கூடினால், மொத்தத்தில் பெரிய மாற்றமில்லையென்று அது சொல்லிவிடக்கூடும்.

இனி என்னுடைய பகுதி. எலியின் ஈரல் பத்துக் கிராம் அளவுதான். அதற்குப் பித்தப்பை கிடையாது, சுண்டெலிக்கு உண்டு. மயக்கத்தில் அது நிமிடத்துக்கு அறுபது முறை போல மூச்சுவிடும். அந்த மூச்சின் இடைவெளி பார்த்தே ஒவ்வொரு படமும் எடுக்கவேண்டும். இதயத்துக்கு அருகிலுள்ள இடப்பக்க மடலில் இதயத்துடிப்பே நீரை உலுக்கி, குருதி ஓடுவது போன்ற பொய்ச் சமிக்ஞை இழப்பைக் காட்டிவிடும். அதனால் வலப்பக்க மடலைத்தான் பார்ப்போம். ஐசோஃபுளூரேன் என்ற மயக்க ஆவியைச் சற்று அதிகமாகக் கொடுத்தால் குருதி அழுத்தம் இறங்கும், அதோடு ஈரலுக்கு வரும் குருதியும் மாறும். மயங்கிய எலி தன் உடற்சூட்டைக் காக்காது. ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் நீரின் பரவல் ஏறக்குறைய இரண்டு வீதம் குறையும். நுவரெலியாவின் தை மாதக் குளிரில் பிறந்த கன்றுக்குச் சாக்குப் போர்த்துவது போல, அங்கே வெதுநீர் ஓடும் மெத்தையில் எலியைக் கிடத்தி, அதன் சூட்டைக் கணத்துக்குக் கணம் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்படிப் பார்த்தும் தவறு நடந்தது. ஒருமுறை, காபன் நாற்குளோரைட்டுக் கொடுத்து ஈரலில் வடு உண்டாக்கிய எலிகளுக்கும் சுகமான எலிகளுக்கும் இடையே, குருதிப் பங்கில் எல்லோரும் மகிழும்படியான பெரிய வேறுபாடு கிடைத்தது. சில வாரங்கள் கழித்து, வேறொரு காரணத்துக்காகக் கூண்டுப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான், நோயுற்ற எலிகளுக்குக் குருதி மாதிரி எடுப்பதற்காக முதல்நாள் மாலையே தீனி எடுக்கப்பட்டிருந்ததும், சுகமானவற்றுக்கு எடுக்கப்படாததும் தெரியவந்தது. எலியால் வாந்தியெடுக்க முடியாது. ஆகவே மயக்கத்துக்கு முன் பட்டினி போடும் தேவையில்லையென்று நானும் அதைக் கேட்காமல் விட்டிருந்தேன். உண்ட பிறகு குடலுக்குச் செல்லும் குருதி பெருகும். அதெல்லாம் வாயிநாளம் வழியே ஈரலுக்கே வரும். நாங்கள் கண்ட வேறுபாட்டில் வடு எவ்வளவு, வயிற்றுத் தீனி எவ்வளவு என்று பிரிக்க வழியில்லாமல் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிட்டு, புதிதாகத் தொடங்கினோம். எண்கள் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் கேள்வியைத் தவறாகக் கேட்டிருந்தோம். துல்லியம் என்ற சொல்லைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூண்டுப் பதிவேடு நினைவுக்கு வந்துவிடுகிறது.

எலியில் அளந்த எண்ணை வேறொரு வழியில் சரிபார்க்கலாம் என்பது உண்மை. வாயிநாளத்தைச் சுற்றி ஒலியலை உணரியொன்றைப் பொருத்தி ஓட்டத்தை நேரடியாக அளக்கலாம். நிறமிட்ட நுண்கோளங்களைக் குருதியில் செலுத்தி, அவை உறுப்புகளின் மயிர்க்குழாய்களில் சிக்கி நிற்பதைப் பின்னர் எண்ணலாம். ஆனால் குடலுக்குப் போன கோளங்கள் அங்கேயே சிக்கிவிடுவதால், வாயிநாளத்தின் பங்கைக் குடல், இரைப்பை, மண்ணீரல், சதையி ஆகியவற்றின் எண்ணிக்கைகளைக் கூட்டியே பெறவேண்டும். கடைசியில் ஈரலைச் சீவி, வடுநாருக்குச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இத்தகைய சோதனைகளோடு வைத்துப் பார்க்கும்போது பரவல் முறையின் எண்கள் பொதுவாக ஒரே திசையில் நகர்கின்றன. குருதி குறைந்தால் அவையும் குறைகின்றன. திசை சரி என்பதற்கும் அளவு சரி என்பதற்கும் உள்ள இடைவெளியை உங்கள் கட்டுரை தாண்டிச் சென்றுவிட்டது.

நோயின் மாதிரி என்பதும் கவனத்துக்குரியது. காபன் நாற்குளோரைட்டைக் கிழமைக்கு இருமுறை கொடுத்துச் சில வாரங்களில் எலியில் உண்டாக்கும் வடு, நமது தோட்டங்களில் கசிப்பாலோ, நீரிழிவோடு சேர்ந்து வரும் ஈரற் கொழுப்பாலோ பத்து, இருபது ஆண்டுகளில் உருவாகும் வடுவன்று. கொழுப்பு நிறைந்த ஈரலில் கொழுப்பின் சமிக்ஞை கலந்து பரவல் எண்களை மேலும் குழப்பும். எலியின் நோய் ஒரே வயது, ஒரே இனம், ஒரே தீனியுள்ள பிராணிகளில் ஒரே நாளில் தொடங்குகிறது. கந்தப்பளையிலிருந்து வந்தவருடைய ஈரல் அப்படியன்று.

இவ்வளவு சொன்னபிறகு, இம்முறையால் பயனில்லையென்று நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பயன் உண்டு, குறிப்பாக நம் நாட்டுக்கு உண்டு. குருதியோட்டப் படத்துக்கு ஏற்றப்படும் கடோலினியம் மருந்துகள் சிலவற்றுக்கும், சிறுநீரகம் செயலிழந்தோரின் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகவைக்கும் கடுமையான நோயொன்றுக்கும் தொடர்பிருப்பது 2006 ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. பிற்காலத்தில் பயன்படுத்தப்படும் வளைய அமைப்புள்ள மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆயினும் சிறுநீரக நோயாளிக்கு வைத்தியர்கள் தயங்குவது இயல்பு. வடமத்திய மாகாணத்தில் மட்டுமன்றி, நமக்குப் பக்கத்தில் பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பகுதியிலும் காரணம் முழுதாக அறியப்படாத சிறுநீரக நோய் பரவலாக உள்ள நாடு இது. அத்தகையோரின் ஈரலை மருந்தேற்றாமல் திரும்பத் திரும்பப் பார்க்க ஒரு வழி கிடைப்பதென்றால், அது காத்திருக்கத் தகுந்ததே. எலிகளின் பக்கத்திலும் நன்மையுண்டு. முன்பு ஒவ்வொரு கிழமையும் சில எலிகளைக் கொன்று ஈரலைப் பார்த்த இடத்தில், இப்போது ஒரே எலியை எட்டு, பத்து முறை படமெடுத்து நோயின் போக்கைத் தொடரலாம். மாற்று வழி தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைத் தணிப்பது என விலங்காய்வில் 1959 முதல் பேசப்படும் மூன்று நெறிகளில் இரண்டாவதை இது உண்மையாகவே நிறைவேற்றுகிறது. மிருக வைத்தியன் என்ற முறையில் எனக்கு இதுவே பெரிய செய்தி. கட்டுரையாளர் இதை ஏன் தொடவில்லையென்று தெரியவில்லை.

இம்முறை வைத்தியசாலை வாசலுக்கு வருவதற்குப் புதிய இயந்திரம் தேவைப்படாது. பரவல் படமெடுக்கும் வசதி இன்றைய எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் ஏற்கெனவே உண்டு. எந்த பி மதிப்புகளை, எத்தனை எடுப்பது, மூச்சை எப்படிச் சமாளிப்பது, நோயாளி எத்தனை மணிநேரம் சாப்பிடாமல் இருக்கவேண்டும், எந்தக் கணக்குமுறையால் எண்ணைப் பெறுவது என்பவற்றில் உடன்பாடு இருந்தால்தான் பேராதனையில் எடுத்த எண்ணும் பாரிஸில் எடுத்த எண்ணும் ஒரே பொருளைக் குறிக்கும். அந்த உடன்பாடு இன்னும் முழுமையாகவில்லை. அதுவரை, ஈரல் இறுக்கத்தை அறிய வைத்தியர் எழுதிக்கொடுக்கும் குருதிச் சோதனையையும் அல்ட்ராசவுண்டையும் தள்ளிப்போட்டுவிட்டு எவரும் இந்தப் படத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே, அடுத்த வாரமலரில் ஒரு சிறு திருத்தத்தை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவானால் இவ்வளவு போதும்: இம்முறை ஈரலின் குருதியோட்டத்தை நேரடியாக அளக்கவில்லை, அசையும் குருதியின் பங்கையும் அதன் அசைவின் விரைவையும் மதிப்பிடுகிறது, எலிகளில் அம்மதிப்பீடு குருதியோட்டத்தின் மாற்றத்தோடு ஒத்துச் செல்கிறது, நோயாளிகளின் வழக்கமான பரிசோதனைக்கு அது இன்னும் வரவில்லை. கந்தப்பளைக்காரர் கன்றின் அடுத்த மருந்துக்காக மாத முடிவில் வருவார். பழைய துண்டு இன்னும் அவர் பையிலேதான் இருக்கிறது. அதனோடு வைத்துக்கொள்ள இதையும் வெட்டிக் கொடுக்கலாமென்று இருக்கிறேன்.

இங்ஙனம்,
மிருக வைத்தியர் ஒருவர்,
நுவரெலியா.